ஊசியைக் கண்டுபிடிக்கும் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், பேக்கிங் பகுதியில் ஓர் இயந்திரத்தைப் பார்க்கலாம். பெல்ட்டில் உடுப்புகள் ஒவ்வொன்றாக நகர்ந்து அதற்குள் போய் மறுபக்கம் வரும். தைக்கும்போது முறிந்த ஊசியின் துணுக்கு துணிக்குள் மாட்டியிருந்தால் பெல்ட் நின்றுவிடும், மணி அடிக்கும். 1.2 மில்லிமீட்டர் அளவுள்ள இரும்புக் குண்டு பதித்த அட்டையை அவ்வப்போது உள்ளே விட்டு, இயந்திரம் அதைப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். தையல் லைனில் ஊசி உடைந்தால் கதையே வேறு. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தேடல் நடக்கும். ஜப்பானிலோ ஜெர்மனியிலோ ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் அந்தத் துணுக்கு குத்திவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பாராட்ட வேண்டிய ஒழுங்கு அது. ஆனால், அதே டெய்லர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை மணிக்கு கேட்டைத் தாண்டிப் பல்லடம் சாலையிலோ மங்கலம் சாலையிலோ கால் வைத்ததும், அவர் இருப்பதை உணர எந்தக் கருவியும் கிடையாது. எதிரே வருவது அவருடைய கம்பெனிக்கே துணி ஏற்றிவரும் டெம்போவாக இருக்கலாம். அதே கம்பெனியின் சரக்கைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகும் கன்டெய்னர் லாரியாகவும் இருக்கலாம். கேட்டுக்கு உள்ளே ஊசிமுனைக்குக் கிடைக்கும் கவனம், கேட்டுக்கு வெளியே ஆளுக்குக் கிடைப்பதில்லை.

நடந்துபோகிறவரையும் சைக்கிளில் போகிறவரையும் வாகனம் தானாக உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் தொழில்நுட்பம் இன்று உலகச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் அடிப்படை ரேடியோ அலை. அதைத் திருப்பூரில் எங்கே, யார் செலவில், எந்த வண்டியில் பொருத்துவது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். கருவியைச் சுமக்க வேண்டியது வண்டிதான், நடக்கிறவர் அல்ல என்பது என் கட்சி. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பாதசாரிகள் 32,825 பேர். சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. இதே தமிழ்நாடுதான் 2016இல் 17,218 ஆக இருந்த சாவுக் கணக்கை 2019இல் 10,525 ஆகக் குறைத்துவிட்டதாக மற்ற மாநிலங்களுக்குப் பாடம் நடத்தியது. மூன்றே ஆண்டுகளில் பழைய இடத்தையும் தாண்டி நிற்கிறோம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது அடிபட்ட பிறகு வருவது.

அடிபடுவதற்கு முன்பே தடுக்கும் கருவிகளுக்குத் தமிழ்நாடு புதிதல்ல. இரண்டு முன்னுதாரணங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். மாநிலமே கொதித்தது. அதன் விளைவாகப் பள்ளி வாகனங்களுக்கென்றே தனிச் சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன்மீது வேன் ஏறியது. சில மாதங்களில் அந்த விதிகள் திருத்தப்பட்டு, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்கம் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாயின. நம் ஊர்ப் பள்ளி வேன் பின்னால் எடுக்கும்போது ‘பீப் பீப்’ என்று கத்துகிறதே, அது அந்தச் சிறுவனின் சாவு எழுதிவைத்த சட்டம்.

இரண்டாவது, யானை. திருப்பூர் வழியாகக் கேரளம் செல்லும் ரயில்கள் போத்தனூரைத் தாண்டியதும் மதுக்கரைக் காட்டு ஓரமாக வாளையாறு நோக்கிப் போகும். அந்தத் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டுச் சாவது ஆண்டுக்கணக்காக நடந்துவந்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத் துறை அங்கே 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்களைப் பொருத்தி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு யானையை அடையாளம் காணும் ஏற்பாட்டைத் தொடங்கியது. செலவு 7.24 கோடி ரூபாய். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குப் போகும். ரயில் வேகத்தைக் குறைக்கும். கூடவே, யானைகள் கடந்துபோக ரயில்வே சுரங்கப்பாதையும் அமைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, யானையின் கழுத்தில் யாரும் கருவி கட்டவில்லை. “தண்டவாளத்தை ஏன் கடந்தாய்?” என்று யானையை யாரும் கேட்கவும் இல்லை. எடையும் வேகமும் எதனிடம் இருக்கிறதோ அதுதான் பார்க்க வேண்டும், அதுதான் நிற்க வேண்டும் என்று எல்லோரும் இயல்பாக ஒப்புக்கொண்டார்கள். மனிதர் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்த இயல்பு வருவதில்லை. “பராக்குப் பார்த்துக்கொண்டு வந்தான்”, “இயர்போன் மாட்டியிருந்தான்”, “வடக்கத்தி ஆள், ரோடு தெரியாது” என்று நடந்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்புகிறோம்.

சரி, கருவி எப்படி வேலை செய்கிறது? காரின் முகப்பில் கைக்கடக்கமான ஒரு பெட்டி. அதிலிருந்து 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலை வெளியேறும். அலைநீளம் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர். எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு தூரத்தையும், அதன் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் கணக்கிடும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவரைத் தொட்டு அலை திரும்பிவர ஒரு மைக்ரோ விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். இருட்டு, புகை, தூசி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. நடக்கிறவரின் உடல் ஒரு வேகத்தில் நகரும். வீசும் கையும் எடுத்துவைக்கும் காலும் வேறு வேகத்தில் நகரும். அந்தச் சின்ன வேறுபாட்டைக் கொண்டே, எதிரில் இருப்பது கம்பமா மனிதரா என்று பிரித்தறிய முடியும். இந்த மில்லிமீட்டர் அலைகளை உலகில் முதலில் உண்டாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ், 1890களில், கல்கத்தாவில். வாகன ராடாருக்கு இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2015லேயே அனுமதித்துவிட்டது. ஆகவே சட்டத் தடை என்று சொல்ல எதுவுமில்லை.

குறைகளும் உண்டு. லாரியின் இரும்பு உடம்பு அலையைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். மனித உடம்பு திருப்புவது சொற்பம். நிற்கும் லாரிக்குப் பக்கத்திலிருந்து திடீரென்று வெளிப்படுபவரைப் பிரித்துப் பார்ப்பது ராடாருக்குச் சிரமம். அதனால் கேமராவையும் துணைக்குச் சேர்க்கிறார்கள். கேமராவுக்கோ வேறு தொல்லைகள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், தானியங்கி பிரேக் உள்ள கார்கள் பாதசாரிகள்மீது மோதுவது 27 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. ஆனால், தெருவிளக்கு இல்லாத இருட்டில் பலன் ஏதுமில்லை. திருப்பூருக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2025 ஜனவரியில் வந்தது. அதே நிறுவனம், ஒளியைத் திருப்பும் பட்டை வைத்த உடுப்பை பொம்மைக்கு அணிவித்து இரவில் மூன்று கார்களைச் சோதித்தது. இரண்டு கார்கள் அந்தப் பட்டையைக் கண்டு குழம்பிப்போய், பெரும்பாலான சோதனைகளில் வேகத்தைக் குறைக்காமலே மோதின. கறுப்பு உடை அணிந்த பொம்மையைவிடப் பளபளக்கும் பட்டை போட்ட பொம்மைதான் அதிக ஆபத்தில் இருந்தது. ‘தொழிலாளிக்கு ஒளிரும் பட்டை வைத்த டி-ஷர்ட் கொடுத்துவிட்டால் போதும், நம்ம ஊரிலேயே தைத்துவிடலாம்’ என்று யோசிக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மனிதக் கண்ணுக்கு அந்தப் பட்டை நல்லது. இயந்திரக் கண்ணுக்கு எப்போதும் அப்படியில்லை.

எந்த ஊரை மனதில் வைத்துக் கருவி செய்தார்கள் என்பது இன்னொரு சிக்கல். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில், ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. கருவி அவரைப் பார்க்காமல் இல்லை. மோதுவதற்கு ஐந்து விநாடிகளுக்கு மேல் முன்பே பார்த்துவிட்டது. வாகனம், வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தது. கோடு போட்ட இடத்துக்கு வெளியேயும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை என்று விசாரணை சொன்னது. பெருமாநல்லூர் சாலையில் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே அரைமணி நேரம் நின்று பாருங்கள். கோடு போட்ட இடத்தில் கடப்பவர் எத்தனை பேர்? கோடு எங்கே? டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னும் பின்னும் கட்டிங் பீஸ் மூட்டைகளை அடுக்கி, நடுவே தலை மட்டும் தெரிய ஓட்டிவருகிறவரை ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் என்னவென்று நினைக்கும்? இந்தக் குறையைப் போக்கத்தான் ஹைதராபாத் ஐஐஐடி உள்ளிட்டோர் 2018இல் இந்தியச் சாலைப் படங்களைக் கொண்டே ஒரு தரவுத்தொகுப்பை உருவாக்கினார்கள். 2021இல் நாக்பூர் மாநகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்திப் பார்க்கும் திட்டமும் தொடங்கியது. வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே இறக்குமதி செய்து மாட்டினால் போதாது என்பதை நம்மவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “கையில்தான் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே, அதுவே சிக்னல் கொடுக்கட்டுமே” என்பார்கள். யோசனை பழையது. 2012இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வைஃபை வழியாகப் பாதசாரியின் போனைக் கார் உணரும் ஆராய்ச்சியை அறிவித்தது. 2013இல் ஹோண்டா அதேபோல் ஒன்றைச் செய்துகாட்டியது. இத்தனை ஆண்டுகளில் பரவலாக விற்பனைக்கு வரவில்லை. காரணம் எளிது. சாதாரண போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அந்தப் பிசகில் சாலையோரம் டீ குடிப்பவர் நடுச்சாலையில் நிற்பதாகத் தெரிவார். போனில் சார்ஜ் இருக்க வேண்டும். உரிய செயலி இருக்க வேண்டும். வண்டியிலும் அதே மொழி பேசும் கருவி இருக்க வேண்டும். வாகனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அமெரிக்கா 1999லேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பேசாததால், 2020இல் அதில் 45ஐப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டது.

தொழில்நுட்பச் சிக்கல்கூட ஒருநாள் தீரும். எனக்குப் பெரிய பயம் வேறு. நடப்பவர் கையில் கருவி கொடுத்த மறுநாளே, அது இல்லாதவர் குற்றவாளி ஆகிவிடுவார். ‘இறந்தவர் செயலியை இயக்கவில்லை, எனவே அவர் பக்கமும் அலட்சியம் உண்டு’ என்று இழப்பீட்டு வழக்கில் வாதம் வரும். ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்து, பத்துக்குப் பத்து அறையில் தங்கி, சம்பள சனிக்கிழமை இரவில் மளிகை வாங்கிக்கொண்டு சாலையோரம் நடக்கும் இளைஞர் மீது அந்தச் சுமையையும் ஏற்றக் கூடாது.

ஆக, கருவி வண்டியில்தான். ஆனால் எந்த வேலைக்கு? இங்கேதான் திருப்பூரின் சாலையை அறிந்து பேச வேண்டும். அனுப்பர்பாளையத்திலிருந்து புஷ்பா தியேட்டர் சந்திப்பு வரை வண்டியின் மூக்குக்கு முன்னால் எப்போதும் ஒரு மனிதரோ ஒரு டூவீலரோ இருக்கும். ஆளைக் கண்டால் கத்தும் கருவியை அந்தச் சாலையில் ஓடும் வண்டியில் வைத்தால் அது ஓயாமல் கத்தும். இரண்டாம் நாள் ஓட்டுநர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். லண்டன் மாநகரம் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2024 அக்டோபர் முதல் கடுமையாக்கிய விதியில் இதை யோசித்திருக்கிறார்கள். கம்பத்துக்கும் தடுப்புக்கும் நின்றிருக்கும் வண்டிக்கும் கத்தாமல், ஆளுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் எச்சரிக்கும் கருவிதான் அங்கே செல்லும். அதுவும் இரண்டு இடங்களுக்குத்தான் முக்கியத்துவம்: வண்டியின் பக்கவாட்டு மறைவும், நின்ற வண்டி கிளம்பும்போது அதன் முகப்புக்குக் கீழே உள்ள மறைவும்.

அந்த இரண்டு இடங்களையும் நம் ஊரில் முன்பு ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் கிளீனர். இடது பக்க ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, “வா வா வா... வரலாம்... ஹோல்டான்!” என்று கத்தி, வண்டியின் தகரத்தை உள்ளங்கையால் தட்டுவார். அந்தத் தட்டுக்கு ஓட்டுநர் கட்டுப்படுவார். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கிளீனரை எடுத்துவிட்டார்கள். இன்று துணி டெம்போவில் ஓட்டுநர் ஒருவரே. கம்பெனி வேன்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். கிளீனருக்குக் கொடுத்த சம்பளம் மிச்சமானது. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடது பக்கமும் முன்பக்கமும் இருட்டாயின. ஆகவே, நான் கேட்கும் சென்சார் ஆடம்பரப் பொருளல்ல. எடுத்துவிட்ட ஓர் ஆளின் இடத்தை நிரப்பும் பொருள்.

காலை ஏழரை மணிக்கு வீரபாண்டி பிரிவு மாதிரியான இடத்தில் நின்றால் இது இன்னும் தெளிவாகப் புரியும். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடது பக்கக் கதவு வழியாக இறங்குவார்கள். கையில் சாப்பாட்டுப் பை. கம்பெனி எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பின்பக்கமாகச் சுற்றிப்போனால் அடுத்த வேன் முட்டிக்கொண்டு நிற்கும். எனவே வேனின் மூக்கை உரசிக்கொண்டு முன்பக்கமாகவே கடப்பார்கள். ஓட்டுநர் அந்த நேரத்தில் வலது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார், சாலையில் இடைவெளி கிடைக்கிறதா என்று. ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள ஒரு பெண் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே குனிந்து பையை எடுத்தால், அந்த ஒரு கணத்துக்கு அவர் உலகத்திலேயே இல்லை. கிளம்பும்போது முகப்புக்கு முன்னால் ஆள் இருந்தால் கத்தும் குறுந்தூர ராடார் இந்தக் கணத்துக்காகவே செய்யப்பட்டது. வண்டி நின்றிருக்கும்போதும் ஊர்ந்து நகரும்போதும் மட்டும் அது விழித்திருந்தால் போதும். ஓயாத கூச்சல் இருக்காது; ஒயரும் பிழைக்கும்.

வேகமாகப் போகும் வண்டிக்குக் கருவி தரும் பலன் வேறு கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி என்று வைத்தாலும் 21 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்கக் காய்ந்த சாலையில் ஒரு காருக்கு இன்னும் 14 மீட்டர். மொத்தம் 35. அதே வண்டி 30 கி.மீ.இல் வந்தால் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். ஒரு விநாடி முன்பே எச்சரிக்கும் கருவி 14 மீட்டரை மிச்சப்படுத்தும். வேகத்தைக் குறைத்தால் 17 மீட்டர் மிச்சம், கருவியே இல்லாமல். சென்சார் விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிகள் நெருங்கிய சாலைகளில் 30 கி.மீ. என்ற கட்டுப்பாடு இல்லாமல் எந்த ராடாரும் முழுப் பலன் தராது. பொது வாகனங்களில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டியே வேகத்தைச் சொல்லிவிடும். கண்காணிக்க மனம்தான் வேண்டும்.

திருப்பங்களுக்கு வேறொரு வழி உண்டு. 2017இல் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஹெச்பி லூப்ரிகன்ட்ஸ் நிறுவனம் சில கம்பங்களை நட்டது. வளைவின் இருபுறமும் ஒவ்வொரு கம்பம். ஒவ்வொன்றிலும் ராடார், ஹாரன், சூரியத் தகடு. வண்டி வருவதை ஒரு கம்பம் உணர்ந்து கம்பியில்லாமல் மற்றதற்குச் சொல்ல, அது ஹாரன் அடிக்கும். விளம்பர நோக்கம் அதில் இருந்தது என்பது வெளிப்படை. ஆனாலும் யோசனை உருப்படியானது. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர் உயர்ந்து நிற்க, டையிங் யூனிட்டிலிருந்து லாரி திடீரென்று மெயின் ரோட்டுக்கு மூக்கை நீட்டும் சந்துகள் முருகம்பாளையத்திலும் அருள்புரத்திலும் எத்தனையோ. அங்கே ஹாரன் வேண்டாம்; ஒரு சிவப்பு விளக்கு மினுங்கினால் போதும். சைக்கிள்காரர் காலை ஊன்றிவிடுவார்.

மத்திய அரசும் சும்மா இல்லை. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் வாகனங்களுக்கும் லாரிகளுக்கும் தானியங்கி பிரேக், ஓட்டுநர் உறங்கினால் எச்சரிக்கை, மறைவிடங்களில் ஆளை உணரும் கருவி ஆகியவற்றைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் வரைவை 2025இல் வெளியிட்டது. வரவேற்கலாம். ஆனால் அது இனிமேல் தயாராகும் புது வண்டிகளுக்கு. திருப்பூரின் சந்துகளில் துணி ரோல்களைத் தலைக்கு மேல் அடுக்கி ஓடுவது ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி. அந்த எடையுள்ள வண்டிகள் இந்த வரைவின் கணக்கில் வருவதில்லை. கம்பெனி வேன்களில் பல, வேறெங்கோ ஓடி முடித்துக் கைமாறி வந்தவை. டெல்லியின் விதி அவற்றைத் தொடுவதற்குள் இன்னும் பத்தாண்டு ஓடிவிடும்.

எனவே உள்ளூர்ப் பொறுப்புக்கு வருவோம். ‘கேட்டுக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று சொல்லும் காலம் போய்விட்டது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 51-இ பிரிவு வந்ததிலிருந்தே, வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். மகாராஷ்டிரத்தில் 2003இல் அதிகாலைப் பணிக்குச் செல்லும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே நோக்கைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் விரித்தது. நடைபாதை விஷயத்திலும் அப்படியே. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்துதான் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு பிறந்தது. அதே வழக்கில் 2025 அக்டோபரில், பாதசாரிகள் பாதுகாப்புக்கான விதிகளை மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் கொங்கு மண்டலத்து ஆபரேஷன் தியேட்டரில் அடிபட்ட எலும்புகளைப் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் தொடங்கிய வழக்கு அது. திருப்பூர் அதற்கு முதலில் பதில் சொல்வது பொருத்தம்.

“அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டு ஆர்டர் போச்சே, இப்போது சென்சார் வாங்கச் சொல்கிறீர்களே” என்று ஒரு ஏற்றுமதியாளர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் விழுந்த அடி சின்ன அடியல்ல. ஆனாலும், ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்று 2024-25இல் பெருமைப்பட்ட ஊர் இது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடியபோது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு நடக்கவே நடக்காது என்றார்கள். இன்று அதைச் சொல்லித்தான் வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பிடிக்கிறார்கள். வண்டிகளில் சென்சார் வைக்கும் செலவு அந்தச் சுத்திகரிப்புச் செலவில் துளியளவுகூட வராது. தவிர, இந்தச் செலவை வேன் உரிமையாளரின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. கடன் வாங்கி ஓட்டும் ஒற்றை வேன்காரர் அவர். மலிவான கருவியை மாட்டி, எஃப்சி முடிந்ததும் கழற்றிவைப்பார். வண்டியை வாடகைக்கு எடுக்கும் கம்பெனியும் அந்தக் கம்பெனியில் வாங்கும் பையரும்தான் இதைச் சுமக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் அவசர வழியில் மஞ்சள் கோடு அழிந்திருக்கிறதா என்று தரையில் குனிந்து பார்க்கும் ஆடிட்டர், தொழிலாளி ஏறிவந்த வேனின் டயரைக்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய படிவத்தில் இன்னும் ஒரு பக்கம் சேர்ந்தால் மாற்றம் ஆறு மாதத்தில் வரும்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் தரவு இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில், விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் காவல் துறையினர் களத்திலிருந்தே பதிவு செய்கிறார்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர். ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரங்களில் நடந்தவர்களும் சைக்கிளில் போனவர்களும் எங்கெங்கே அடிபட்டார்கள் என்பதை மட்டும் பிரித்தெடுத்து வெளியிட்டால் போதும். கருவி பொருத்தும் முதல் நூறு வண்டிகளை எந்தத் தடத்தில் தேர்ந்தெடுப்பது, எந்தச் சாலையில் 30 கி.மீ. பலகை நடுவது என்பதெல்லாம் அந்த வரைபடமே சொல்லிவிடும்.

சட்டத்துக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளி வாகனங்களுக்கான 2012 சிறப்பு விதிகள் இருக்கின்றன. 2022இல் அவற்றில் சேர்த்த கேமரா, சென்சார் பிரிவும் இருக்கிறது. தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி வாகனங்களுக்கும், கம்பெனிகளுக்குச் சரக்கு கொண்டுவரும் வாகனங்களுக்கும் அதை நீட்டித்து, பின்பக்கத்தோடு முன்பக்கத்தையும் இடது பக்கத்தையும் சேர்த்து ஓர் அரசாணை போடலாம். பள்ளி வேனுக்குச் சென்சார் விதி எழுத ஒரு சிறுவனின் சாவு தேவைப்பட்டது. கம்பெனி வேனுக்கு அப்படி ஒன்று நடக்கும்வரை போக்குவரத்துத் துறை காத்திருக்க வேண்டாம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வேன் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, இந்தக் கருவியையும் அதற்கான கூடுதல் வாடகையையும் சேர்த்தே எழுதட்டும்.